குடுங்க சார், நான் காட்டுறேன்

என் ஸ்கூட்டரின் வலப்பக்கக் கண்ணாடியை உடைத்தவர் இன்று காலையிலும் எனக்கு வணக்கம் வைத்தார். வைத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். "கயித்த மாத்திட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

கண்ணாடியை அல்ல, கயிற்றை. அவர் கணக்கில் அன்று நடந்ததற்கெல்லாம் காரணம் என் கவணின் கயிறு. சணல் வழுக்கிவிட்டதாம். நல்ல கயிறாக வைத்திருந்தால் எனக்கு இந்த நஷ்டம் வந்திருக்காது என்று வருத்தப்பட்டார். பிறகு பெரிய மனது பண்ணி என்னை மன்னித்துவிட்டு, கைகளை வீசிக்கொண்டு நடையைத் தொடர்ந்தார். நான் குறிவைக்கும் எண்ணெய் டின் கண்மாய்க்குள்ளே கிழக்குப் பக்கம் இருக்கிறது. ஸ்கூட்டர் நின்றது கரைமேல், மேற்கே, புளியமரத்தடியில். அவர் கிழக்கே பார்த்துத்தான் நின்றார், கிழக்கே பார்த்துத்தான் சுற்றினார். இதில் சணலின் பங்கு என்ன என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுத உட்கார்ந்தது இதைப் பற்றி அல்ல. கவண் எறியக் கற்றுக்கொள்வது பற்றி. அதிலும் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி: முடிச்சை எப்போது விடுவது. வித்தை முழுக்க அங்கேதான் இருக்கிறது, மற்றதெல்லாம் கயிறும் கல்லும். அந்தக் கணத்தைப் பற்றி எனக்கு இப்போது ஏதோ கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது, அதை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் இந்தக் "குடுங்க சார்" ஆசாமிகளை ஒரு வழி பண்ணிவிட்டு வருகிறேன். இரண்டு பத்திக்கு மேல் போகாது.

கவண் என்றதும் கவட்டைக் குச்சியையும் சைக்கிள் டியூபையும் நினைத்துக்கொள்கிறவர்கள் அவற்றைக் கீழே போட்டுவிடுங்கள். நான் சொல்வதில் குச்சியும் கிடையாது, ரப்பரும் கிடையாது. இரண்டு கயிறு, நடுவில் கல் உட்கார உள்ளங்கை அகலத்தில் ஒரு மடி. அவ்வளவுதான். ஒரு கயிற்றின் நுனியில் வளையம் இருக்கும். அதை விரலில் மாட்டிக்கொண்டால் கல் போன பிறகும் கவண் கையோடு நிற்கும். இன்னொரு கயிற்றின் நுனியில் முடிச்சு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதைப் பிடித்துச் சுழற்றி, விடவேண்டிய நேரத்தில் விட வேண்டும். ஆண்டீஸ் மலையில் லாமா, அல்பாகா ரோமத்தில் பின்னுகிறார்கள். திபெத்தில் யாக் மயிர். நம் பக்கம் புளிச்சை நாரும் கற்றாழை நாரும் இருக்கின்றன. நான் பலசரக்குக் கடைச் சணலும், ஆபீஸ் காலத்துத் தோல்பையிலிருந்து வெட்டிய துண்டுமாகச் செய்துகொண்டேன். டாக்டர் நடக்கச் சொன்னார். சும்மா நடக்க எனக்குப் பிடிக்காது. கவண் எறிந்தால் கல் பொறுக்கவாவது நடக்க வேண்டும் அல்லவா?

பொருள் இத்தனை எளிதாக இருப்பதுதான் வினை. வீணை வாசிக்கிறவர் கையிலிருந்து யாரும் வீணையைப் பிடுங்குவதில்லை. கயிறும் கல்லும் தெரியாத மனிதன் நாட்டில் கிடையாது. ஆகவே என் முதல் கல் தரையில் விழுந்து தூசி அடங்குவதற்குள் ஒரு கை நீளும். "குடுங்க சார், நான் காட்டுறேன்."

நானும் இதில் சளைத்தவனில்லை. பக்கத்து வீட்டில் யாராவது பூட்டைத் திறக்க முடியாமல் திணறினால், சாவியை வாங்க என் கை தானாகப் போகும். ஊறுகாய் பாட்டில் மூடி, அடைத்துக்கொண்ட பேனா, மருமகன் மாட்டும் ஃப்யூஸ் என எதையும் விட்டுவைத்ததில்லை. மனைவி தோசை திருப்புவதை நின்று பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நகர்ந்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதெல்லாம் உதவி. என்னிடம் வருகிறவர்கள் செய்வது வேறு.

முதலில் வந்தவர்கள் கண்மாய்க்குள் கிரிக்கெட் விளையாடும் பையன்கள். "அங்கிள், ஒரு தடவ" என்றான் உயரமான ஒருவன். கவணை வாங்கியவன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் நடந்தான். நடந்துகொண்டே இருந்தான். எங்கே போகிறான் என்று புரியாமல் நானும் கொஞ்ச தூரம் கூடவே போனேன். கடைசியில்தான் தெரிந்தது, ரன்-அப். அங்கிருந்து ஓடிவந்து, கிரீஸில் குதித்து, கையைச் சுழற்றினான். நடந்தது என்னவென்றால் அவன் முன்னால் வந்தான், கல் பின்னால் போனது. ஸ்டம்புக்கு அருகில் நின்றிருந்த பையன் இன்றைக்கும் என்னைக் கண்டால் குனிகிறான். "பால் க்ரிப் ஆகல அங்கிள். டேப் சுத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான் எறிந்தவன். கல்லுக்கு டேப்!

அடுத்து ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர் ஒருவர். அவர் உடனே கை நீட்டவில்லை. படித்தவர் அல்லவா. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வட்டம் போட்டார், தொடுகோடு போட்டார், கணக்கும் போட்டார். கையும் கவணும் சேர்ந்து ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கல்லின் வேகம் நொடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கல் நொடிக்கு மூன்று சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. முடிச்சை விடுவதில் நொடியில் நூறில் ஒரு பங்கு பிசகினால் கல்லின் திசை 11 டிகிரிக்கு மேல் மாறிவிடும். 20 மீட்டரில் இருக்கிற டின்னுக்கு 4 மீட்டர் தள்ளி விழும். வீட்டுக்குப் போய் நானே மறுபடி போட்டுப் பார்த்தேன், கணக்கு சுத்தம். கணக்கை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்பக் குடுங்க" என்றார். கல் நேராக மேலே போயிற்று. இருவரும் அண்ணாந்து பார்த்தோம். கல் போகும்போது தெரிந்தது, திரும்பி வரும்போது தெரியவில்லை. அவர் வடக்கே ஓடினார், நான் தெற்கே ஓடினேன். ஓடுகிறபோதே அவர், "தொண்ணூறு டிகிரி ஆயிருச்சு! நீங்க சைடுல நின்னு டிஸ்டர்ப் பண்ணிட்டீங்க!" என்று கத்திக்கொண்டு போனார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் கவணை வாங்கி எறிந்தவர்களில் தன் கையால் குறி தப்பியது என்று சொன்ன மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கல் சரியில்லை. கல் ரொம்ப உருண்டை. கல் போதிய உருண்டை இல்லை. காற்று எதிர்க்காற்று. வெயில் கண்ணில் அடிக்கிறது. செருப்பு வழுக்குகிறது. மடி ஆழம். மடி ஆழமே இல்லை. டின் ரொம்பக் கிட்டே இருக்கிறது, தூரமாக வைத்திருந்தால் அடித்திருப்பேன் என்றுகூட ஒருவர் சொன்னார். தோள்பட்டையில் பழைய அடி இருப்பதாக ஒருவர் சொன்னார். அந்த அடி எறிவதற்கு முன்னால் அவருக்கு ஞாபகத்தில் இல்லை. வேறொருவர் காலையில் இன்னும் டீ குடிக்கவில்லை. இடது கையில் மோதிரம் போட்டிருப்பதால் சமநிலை கெட்டுவிட்டது என்று வலது கையால் எறிந்தவர் ஒருவர் விளக்கினார். "இது டச் விட்டுப்போச்சு சார்" என்றார் இன்னொருவர். எப்போது டச் இருந்தது என்று கேட்டேன். "சின்ன வயசுல சைக்கிள் டயர் உருட்டுவோம்ல" என்றார்.

எறிந்த பிறகு கவணைச் சும்மா திருப்பிக் கொடுக்கிற வழக்கமும் கிடையாது. ஒரு யோசனையோடுதான் வரும். கயிற்றை நீட்டுங்கள் என்றார்கள், நீட்டினேன். மறுநாள் வந்தவர் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். மடியில் ஓட்டை போட்டால் கல் நழுவாது என்றார்கள், போட்டேன். சின்னக் கல் அந்த ஓட்டை வழியாகவே விழுந்தது. தைத்தேன். வளையத்தைச் சுண்டுவிரலில் மாட்டு என்றார்கள், மணிக்கட்டில் மாட்டு என்றார்கள். இப்போது என் கவண் ஊர் முழுக்கச் சேர்ந்து செய்தது. என் பங்கு அந்தத் தோல்துண்டு மட்டும்தான்.

இன்னொன்று, எல்லோருமே தலைக்கு மேலே மின்விசிறி மாதிரி சுற்றுகிறார்கள். சினிமா செய்த கெடுதல் இது. எத்தனை சுற்று சுற்றுகிறானோ அவ்வளவு வீரன். உண்மையில் ஒரு சுற்று போதும், மேலே போனால் இரண்டு. வேகம் முழுக்கக் கடைசி அரைச் சுற்றில் வருவது. அதற்கு மேல் சுற்றுவதெல்லாம் பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தப்பிக்கக் கொடுக்கிற அவகாசம். முடிச்சை விடுவது எங்கே என்றால்... இருங்கள், அதை இப்போதே சொல்லிவிட்டால் பாதியில் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். பலேரிக் தீவுகளுக்கு ஒருமுறை போய்வந்து விடுவோம்.

ஸ்பெயினுக்குக் கிழக்கே கடலில் இருக்கும் மயோர்க்கா, மெனோர்க்கா முதலான தீவுகள் அவை. பழங்காலத்தில் கவணுக்கு அந்தத் தீவுக்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை. கார்த்தேஜ் அரசு அவர்களைத் தன் படையில் கூலிக்கு வைத்துக்கொண்டது. பிறகு கி.மு. 123இல் ரோமானியத் தளபதி மெடெல்லஸ் அந்தத் தீவுகளைப் பிடிக்கப் போனபோது, கல்லடிக்குப் பயந்து கப்பல்களின் மேல்தளத்தில் தோலை விரித்துக் கட்டிக்கொண்டுதான் கரைக்கே போனாராம். தீவு வீரன் ஒவ்வொருவனும் மூன்று கவண் வைத்திருப்பான். ஒன்று தலையைச் சுற்றி, ஒன்று இடுப்பைச் சுற்றி, ஒன்று கையில். கிட்டே அடிக்கக் குட்டை, தூரத்துக்கு நெட்டை. (கயிற்றை நீட்டச் சொன்னவரும் குறைக்கச் சொன்னவரும் ஒரே நேரத்தில் சரியாகிவிடுகிறார்கள். இந்த விவரத்தை அவர்கள் இருவரிடமிருந்தும் மறைத்து வைத்திருக்கிறேன்.) அந்தத் தீவில் பிள்ளைகளுக்குக் கவண் கற்றுக்கொடுத்த முறையை டயோடோரஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். தாய் ஒரு ரொட்டியைக் கம்பத்தில் மாட்டிவிடுவாள். பிள்ளை அதைக் கவணால் அடித்தால் சாப்பாடு, இல்லையென்றால் பட்டினி.

இதைப் படித்த அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நம் வீட்டில் நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். கம்பத்தில் ரொட்டி. பையன் முதல் கல்லை எறிகிறான், படவில்லை. உடனே பாட்டி, "ஐயோ, புள்ள வயிறு ஒட்டிப் போச்சு, கம்பத்தக் கொஞ்சம் எறக்குங்கடா." இறக்குகிறார்கள். இரண்டாவது கல்லும் படவில்லை. தாத்தா ஈசிசேரை விட்டு எழுகிறார். "குடுறா இப்படி. கால அகட்டி நில்லு. அதுக்கில்ல, இதுக்கு." தாத்தாவின் கல் எதிர்வீட்டு ஓட்டில் விழுகிறது. "இப்பல்லாம் நல்ல கல்லு எங்க கெடைக்குது" என்று தாத்தா உட்கார்ந்துவிடுகிறார். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு வருகிறார். மாமா தற்செயலாக வந்தவர், வந்த வேலையை மறந்துவிட்டு வரிசையில் நிற்கிறார். எதிர்வீட்டுக்காரர் ஓடு உடைந்ததற்குச் சண்டை போடத்தான் வருகிறார். வந்து இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "நீங்க புடிக்கிறதே தப்பு, குடுங்க" என்கிறார். பொழுது சாய்கிறது. ரொட்டி கம்பத்திலேயே இருக்கிறது. ஒரு காக்கை வந்து பாதியைத் தின்றுவிட்டது. பையன் யாரும் கவனிக்காத நேரத்தில் தெருமுனைக் கடையில் சால்னா ஊற்றிப் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கார்த்தேஜ்காரன் ஆள் எடுக்க வந்தால் எங்கள் தெருவில் யோசனை சொல்ல நாற்பது பேர் கிடைப்பார்கள்.

பலேரிக் தாயின் சிறப்பு அவள் ரொட்டியை மாட்டியதில் இல்லை. மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள், அதுதான். மயோர்க்காவில் இன்றைக்கும் கவண் போட்டிகள் நடக்கின்றன. பால்மா நகரப் பூங்காவில் கவண்வீரனுக்குச் சிலைகூட வைத்திருக்கிறார்கள். சிலையின் கையிலிருந்து யாரும் கவணை வாங்கிப் பார்க்க முடியாது.

இந்த விஷயத்தில் கிரேக்கர்கள் கறார். கி.மு. 401இல் பாரசீகத்துக்குள் மாட்டிக்கொண்ட கிரேக்கக் கூலிப்படை ஊர் திரும்பும் வழியில், எதிரியின் வில்லும் கவணும் தொல்லை கொடுத்தன. படையோடு இருந்த செனபோன், ரோட்ஸ் தீவிலிருந்து வந்தவர்களுக்குக் கவண் தெரியும் என்று கேள்விப்பட்டார். போய், 'குடுங்கப்பா, நான் காட்டுறேன்' என்று சொல்லவில்லை. கவண் வைத்திருப்பவனுக்கு அதற்குக் காசு, புதிதாகப் பின்னித் தருகிறவனுக்குக் காசு, எறிய வருகிறவனுக்கு வேறு சலுகை என்று ஏற்பாடு செய்தார். 200 பேர் கிடைத்தார்கள். அவர்கள் எறிந்த ஈயக் குண்டு பாரசீகக் கவண்கல்லைவிட இரண்டு மடங்கு தூரம் போயிற்று. கவனியுங்கள், தெரிந்தவனுக்குக் காசு. எங்கள் கண்மாயில் தெரியாதவனுக்கு என் ஸ்கூட்டர்.

அந்த ஈயக் குண்டுகளில் எழுத்துப் பொறிப்பதும் உண்டு. கிரேக்கக் குண்டுகள் சிலவற்றில் 'வாங்கிக்கொள்' என்கிற மாதிரி ஒரு சொல் இருக்கும். இத்தாலியில் கி.மு. 41-40இல் பெரூசியா முற்றுகையின்போது இரண்டு தரப்பும் எறிந்த குண்டுகளில் இருப்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. அதைப் படித்ததும் நானும் கண்மாய்க் களிமண்ணை உருட்டி, ஈரம் இருக்கும்போதே ஈர்க்குச்சியால் 'கேட்காதீர்கள்' என்று எழுதிப் பார்த்தேன். கோலி அளவு உருண்டையில் தமிழ் எழுத்துக்கு இடம் போதவில்லை. 'கேட்கா' என்பதோடு நின்றுவிட்டது. அதைப் படித்த ஒருவர், "கேக்காமலே எடுத்துக்கலாமா?" என்றார்.

மாதா கோயில் பக்கத்தில் குடியிருக்கும் நண்பர் ஒருவருக்குத் தாவீது கதை மனப்பாடம். "அஞ்சு கல்லு எடுத்தாரு, ஒண்ணுதான் செலவாச்சு. நாலு மிச்சம். நீங்க கூடை நிறையப் பொறுக்குறீங்க" என்று என் கூடையைப் பார்த்துச் சிரித்தார். நானும் அந்த அத்தியாயத்தைப் படித்தவன்தான். கோலியாத்தோடு சண்டைக்குப் போகும் முன்னால் என்ன நடந்தது? சவுல் ராஜா தன்னுடைய கவசத்தையும் தலைச்சீராவையும் எடுத்து அந்த ஆட்டுக்காரப் பையனுக்கு மாட்டிவிட்டார். போட்டுக்கொண்டு அவனால் நடக்க முடியவில்லை, கழற்றி வைத்துவிட்டுப் போனான். வேதாகமத்திலேயே இருக்கிறது, பெரிய மனிதர் ஒருவர் தனக்குத் தெரியாத விஷயத்தில் யோசனை சொன்ன கதை. அதை யாரும் பிரசங்கத்தில் எடுத்துச் சொல்வதாகக் காணோம். நண்பரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது சரி, அந்தக் கவணக் குடுங்க" என்றார். அவர் எறிந்த கல்லால் கோலியாத்துக்கு ஆபத்தில்லை. பெலிஸ்தியரின் அடுத்த ஊருக்கு ஏதாவது ஆகியிருக்கலாம்.

'எல்லாம் நம்மாளு கண்டுபிடிச்சது' கட்சிக்காரர் ஒருவரும் காலையில் வருவார். எகிப்து மன்னன் துத்தன்காமன் கல்லறையில், அத்தனை தங்கத்துக்கு நடுவே, பின்னிய நூல் கவணும் கிடைத்தது என்று அவரிடம் சொன்னேன். "அங்க போனதும் நம்மாளுதான் சார்" என்றார். சரி, நம்மாள் கதைக்கே வருவோம் என்று கலித்தொகையை எடுத்தேன். குறிஞ்சிக்கலியில் கபிலர் பாட்டு ஒன்று. தலைவியும் தோழியும் நெல் குத்திக்கொண்டே பாடுவது. நடுராத்திரி, இடி, மழை. மின்னல் வெளிச்சத்தில் ஒரு யானை தன் பிடியோடு புனத்தில் மேய்கிறது. காலடிச் சத்தம் கேட்ட கானவன் ஆசினி மரத்துப் பரணில் ஏறி, கவணில் கல்லை வைத்து விடுகிறான். அந்தக் கல் வேங்கைப் பூவைச் சிதறடித்தது. ஆசினிப் பழத்தை உதிர்த்தது. தேன்கூட்டைத் துளைத்தது. மாங்கொத்தைக் கலக்கியது. வாழை மடலைக் கிழித்தது. கடைசியில் ஒரு பலாப்பழத்துக்குள் போய்த் தங்கிவிட்டது.

உரை சொல்கிறவர்கள் கல்லின் வேகத்தைப் புகழ்கிறார்கள், மலையின் வளத்தைப் புகழ்கிறார்கள். நான் கவண் எறிகிறவன், எனக்கு ஒரே கேள்வி. யானை என்ன ஆயிற்று? பூவில் பட்டது, பழத்தில் பட்டது, கூட்டில் பட்டது. அத்தனை பெரிய யானையின்மேல் பட்டதாகப் பாட்டில் இல்லை. ஜோடி யானை வேறு, குறி இரண்டு மடங்கு. பழுத்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்தக் கல்லை எறிந்தது கானவன் இல்லை. பரணில் பக்கத்தில் நின்றவன். "குடு மச்சான், நான் காட்டுறேன்" என்று வாங்கி எறிந்திருக்கிறான். நடுராத்திரி, கொட்டுகிற மழை, பரணில் இன்னொருவன் எப்படி வந்தான் என்று கேட்பீர்கள். நம் ஊரில் ஒருவன் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் இருந்ததாக உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? மழையெல்லாம் ஒரு தடையா? எறிந்தவன் சொன்னதைக் கபிலர் நாகரிகம் கருதி விட்டுவிட்டார்: "நடுவுல பூ நிக்குது, தேன்கூடு நிக்குது, எப்படி அடிக்கிறது?"

இன்னொரு ஆதாரமும் உண்டு. அதே பாட்டில் அந்தப் பெண்கள் நெல் குத்துகிற உலக்கை யானைக் கொம்பு. ஆக, அந்த மலையில் யானையை வீழ்த்தத் தெரிந்தவன் இருந்திருக்கிறான். ஒருநாள் அவனைத் தனியாக விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைக் கட்சிக்காரரிடம் சொன்னால் கோபித்துக்கொண்டார். சங்க இலக்கியத்தைக் கேலி செய்கிறேனாம். கோபத்தோடேயே கவணை வாங்கி எறிந்தார். நாங்கள் நின்ற இடத்தில் பலாமரம் இல்லாததால் கல் எங்கே தங்கியது என்று சொல்லத் தெரியவில்லை.

கல் போன தூரத்தை அளந்து வைத்தவர்களும் உண்டு. 1981இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லாரி பிரே என்பவர் 52 கிராம் கல்லை 437 மீட்டர் தூரம் கவணால் எறிந்து கின்னஸில் இடம்பிடித்தார். எனக்கு அந்தத் தூரத்தில் ஆசையில்லை. 437 மீட்டருக்குள் மனித நடமாட்டமே இல்லாத வெற்றுவெளி ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கிறதே, அதில்தான் வயிற்றெரிச்சல்.

சரி, முடிச்சுக்கு வருவோம். வலது கை பின்னாலிருந்து தோளுக்கு மேலே வருகிறபோது கண் டின்மேல் இருக்க வேண்டும். கல் எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. கல் எங்கே என்று விரலில் ஏறும் கனம் சொல்லும். அந்தக் கனம் இழுக்கும்போது விடுவதா, இழுத்து முடிந்து தளரும்போது விடுவதா என்பதுதான்... இதை எழுதும்போதே எங்கள் கீதாரி ஞாபகம் வந்துவிட்டது. அவரைச் சொல்லாமல் இது முழுமையாகாது.

கண்மாய்க்குள் செம்மறிக் கிடை போட்டிருக்கும் கீதாரி அவர். நான் கவண் கற்க ஆரம்பித்ததில் எனக்கிருந்த ஒரே நம்பிக்கையும் அவர்தான். ஆயிரம் வருஷத்து வித்தையை இடையர்கள் கைவிட்டிருப்பார்களா என்ன? முதல் நாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அய்யா, எந்தப் பக்கம் எறியப் போறீக?" என்று கேட்டார்.

"அந்தா, அந்த டின்னு."

"சரிங்கய்யா" என்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய் டின்னைச் சுற்றி நிறுத்தினார். அன்றிலிருந்து தினமும் அங்கேதான் மேய்கின்றன. ஓர் ஆட்டுக்கும் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது.

எனக்கு ரோஷம் வந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் பார்க்கக் கூடாது அல்லவா? உங்கள் கவண் எங்கே என்று கேட்டேன். "எங்க அய்யா வச்சிருந்தாக. எனக்கு எதுக்குய்யா? கை இருக்கு" என்று சொல்லிவிட்டு, குனிந்து ஒரு கல்லை எடுத்துக் கையாலேயே விட்டெறிந்தார். வரப்பைத் தாண்டப் போன ஒரு கிடாய்க்கு இரண்டடி முன்னால் விழுந்தது. கிடாய் மறுபேச்சில்லாமல் திரும்பிவிட்டது. ஆட்டுக்காரன் கல் ஆட்டின்மேல் படக் கூடாது, அதன் முன்னால் விழ வேண்டும். திபெத்திலும் ஆண்டீஸிலும் கவண் வைத்திருக்கும் மேய்ப்பர்கள் செய்வதும் இதைத்தான். என் கல்லும் எதன்மேலும் படுவதில்லை. அந்த வகையில் நான் ஏற்கெனவே பாதி இடையன்.

இப்படி நான் கொஞ்சம் தேறிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தொரட்டியை மண்ணில் ஊன்றிவிட்டுக் கையை நீட்டினார். "குடுங்கய்யா, ஒருக்க பாப்போம்."

இவரிடம் மறுக்க முடியுமா? பரம்பரை ஆயிற்றே! இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் வளையத்தை மாட்டி, கல்லை வைத்து, தலைக்கு மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றினார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இவரும் சினிமா பார்க்கிறவர். கல் சாய்வாகக் கிளம்பி, கருவேல மரத்தில் தொங்கிய அவருடைய தூக்குவாளியில் போய்ப் பட்டது. மத்தியானக் கஞ்சி முழுக்க மண்ணில்.

இருவரும் கொஞ்ச நேரம் தூக்குவாளியைப் பார்த்தோம். அவர் கவணைத் திருப்பித் தரவில்லை. மடியை விரலால் தடவிப் பார்த்தார், முடிச்சை இழுத்துப் பார்த்தார், கயிற்றை மோந்துகூடப் பார்த்தார்.

"கல்லு சரியில்லய்யா" என்றார்.

"கயிறு?" என்றேன்.

"கயிறுந்தேன். சணலு ஆகாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு என் மச்சினன் பரமக்குடியிலிருந்து வாரான். இதுல எல்லாம் கெட்டிக்காரன். அவன்கிட்ட ஒருக்கக் குடுங்க, காட்டுவான்" என்றார்.

நாளைக்கு நான் கண்மாய்ப் பக்கம் போவதாக இல்லை. நாளன்றைக்கும் சந்தேகம்தான். மச்சினன் எத்தனை நாள் தங்குவார் என்று கேட்டுவைக்கத் தோன்றவில்லை.